இருந்தும் இல்லாத வன்தட்டு

தமிழில் 'போய்விட்டது' என்ற சொல் இரண்டு பொருளுக்கு இடம் தரும். வெளியூர் சென்றதும் போனதுதான். உயிர் நீங்கியதும் போனதுதான். 2012ஆம் ஆண்டு ஒரு காலையில் எங்கள் ஊர்க் கணினிக்கடை இளைஞர் என் மேசைக் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், ரெண்டாவது ஹார்டு டிஸ்க் போயிடுச்சு" என்றார். அவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கோ ஐயமே இல்லை. புதியதன் விலையையும் உடனே சொல்லிவிட்டார்.

அந்த வன்தட்டில் ஏறத்தாழ எண்பது மணி நேர ஒலிப்பதிவுகள் இருந்தன. எம்.ஏ. முடித்த 2002 முதல் சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று ஒப்பாரியும் தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒலிநாடாவில் பதிந்து, பிற்பாடு கணினிக்கு மாற்றி வைத்தவை. நாடாக்களில் பூஞ்சணம் ஏறிவிட்டது. பாடியவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். வேறு படி எடுத்து வைத்திருந்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஏட்டுச்சுவடி பெயர்த்தெழுதாமல் அழிந்ததைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிறவன் செய்த காரியம் இது.

என்னை உறுத்தியது வேறொன்று. அந்த வன்தட்டு சில நாள் வரும், சில நாள் வராது. மாலைவரை இருந்தது மறுநாள் காலை இருக்காது. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடவாததுபோல் வந்து நிற்கும். செத்தது திரும்பி வருமா? இந்த எளிய கேள்விதான் வன்தட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: வன்தட்டு பிறந்து முப்பது ஆண்டுகள்வரை இந்த வடிவில் இந்த நோய் அதற்கு வர வழியே இல்லை. தன் பெயரைத் தானே சொல்லத் தெரிந்துகொண்ட பிறகுதான், சொல்லாமல் இருந்துவிடவும் அதற்குத் தெரிந்தது.

முதல் வன்தட்டு காணாமல் போகக்கூடிய பொருளே அன்று. 1956இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு வெளியிட்ட அந்தச் சேமிப்பகத்தின் எடை ஏறக்குறைய ஒரு டன். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதை நிரப்பிவிடும். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ரேனால்ட் ஜான்சன், அதற்கு முன் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாணவர்கள் பென்சிலால் தீட்டிய விடைகளைத் தானே திருத்தும் எந்திரத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியாக ஐபிஎம்முக்குப் போனவர். (விடைத்தாள் கட்டுகளோடு ஒவ்வோர் ஆண்டும் மல்லுக்கட்டும் எங்களுக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.)

வன்தட்டு மேசைக் கணினிக்குள் நுழையும் அளவுக்குச் சுருங்கியது 1980இல். சீகேட் நிறுவனத்தின் எஸ்டி-506 ஐந்தேகால் அங்குல வகையைச் சேர்ந்தது, 5 மெகாபைட்டு கொள்ளளவு உடையது. அதில் தட்டுகளும் மோட்டாரும் படிக்கும் முனைகளும் இருந்தன, அறிவு இல்லை. எங்கே போய் எதைப் படிப்பது என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டு அட்டை தனியாகக் கணினிக்குள் இருந்தது. 34 கம்பிகள் கொண்ட பட்டை ஒன்று, 20 கம்பிகள் கொண்ட பட்டை ஒன்று என இரண்டு பட்டைகள் வழியாக அந்த அட்டை தட்டை ஆட்டிவைத்தது. தன்னில் எத்தனை முனைகள், எத்தனை வட்டங்கள் என்பதுகூட அந்தத் தட்டுக்குத் தெரியாது. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் அதை நாம்தான் சொல்ல வேண்டும்: உள்ளே ஓர் அட்டவணை, அதில் வரிசை எண்கள், நம் தட்டு எந்த எண்ணோ அதைத் தேர்ந்து பதிய வேண்டும். கணினி அதை அப்படியே நம்பியது. பதிந்த எண்ணைக் காத்துவந்த சிறிய மின்கலம் தீர்ந்துபோனால் கணினிக்குத் தட்டு மறந்துபோகும். இதை நம் நோயின் மூதாதை எனலாம். ஆனால் அங்கே தவறியது கணினியின் நினைவு. தட்டு அதன் இடத்தில் மௌனமாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

திருப்பம் 1986இல் நேர்ந்தது. காம்பேக் நிறுவனம் தன் கணினிகளுக்காக, வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்றோரின் துணையோடு, கட்டுப்பாட்டு அட்டையைத் தூக்கி வன்தட்டின் முதுகிலேயே பொருத்தியது. ஐடிஇ என்று அறியப்பட்ட ஏற்பாடு அதுதான். நாற்பது முனைகள் கொண்ட ஒற்றைப் பட்டைக் கம்பி போதும் என்றாயிற்று. கணினி 'நீ யார்?' என்று கேட்க, தட்டு தன் பெயர், வரிசை எண், கொள்ளளவு எல்லாவற்றையும் 512 பைட்டு மடலாகத் திருப்பி அனுப்பும். 1990களின் தொடக்கத்தில், கணினி விழித்தெழும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல் இந்தக் கேள்வியைத் தானாகவே கேட்கத் தொடங்கியது. எண் பதியும் தொல்லை ஒழிந்தது. கூடவே, 'தட்டு கண்டறியப்படவில்லை' என்ற வாசகம் பிறந்தது.

அந்த வாசகத்துக்கு உண்மையான பொருள் 'கேட்டேன், உரிய நேரத்துக்குள் விடை வரவில்லை' என்பது மட்டுமே. நூலகப் பட்டியலில் ஒரு நூல் இல்லை என்பதற்கும் நூலகத்தில் நூலே இல்லை என்பதற்கும் உள்ள தூரம் இதிலும் உண்டு. தட்டு விடை சொல்வது அத்தனை எளிதும் அன்று. மின்சாரம் வந்ததும் மோட்டார் முழு வேகத்தை எட்ட வேண்டும். முனைகள் இறங்க வேண்டும். தன்னை இயக்கும் ஃபர்ம்வேர் நிரலின் பெரும்பகுதியைத் தட்டின் ஒதுக்கிடத்திலிருந்து தானே படித்துக்கொள்ள வேண்டும். தன்னைப் பற்றி முழுமையாகச் சொல்லவே அதற்குச் சில நொடிகள் பிடிக்கும். இதற்கிடையில் கணினி விரைந்து தொடங்க வேண்டும் என்பதற்காகப் பயாஸின் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். கொஞ்சம் வயதான தட்டு, கேள்வி முடிந்துபோன பிறகு தயாராகி நிற்கும். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தட்டு ஏற்கெனவே சுழன்றுகொண்டிருப்பதால் உடனே விடை வரும். 'முதல் தடவை வராது, ரெண்டாவது தடவை வரும்' என்ற கடைவழக்குக்கு விளக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஐடிஇ காலத்தின் இன்னொரு வேடிக்கை, ஒரே கம்பியில் இரண்டு தட்டுகளைக் கோத்தது. ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ்: ஆண்டானும் அடிமையும். யார் யார் என்பதைத் தட்டின் பின்புறமுள்ள முள்போன்ற முனைகளில் ஜம்பர் என்னும் நகக்கண் அளவுத் துண்டைச் செருகித் தீர்மானிக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஆண்டான் அடிமையை ஆள்வதாக நினைத்தால் ஏமாந்துபோவோம். உண்மையில் ஆண்டான்தான் காத்துக்கிடந்தது. மீட்டமைப்பு முடிந்ததும் இரண்டாம் தட்டு ஒரு கம்பி வழியாக 'நான் இருக்கிறேன்' என்றும் மற்றொன்றின் வழியாக 'நலமாக இருக்கிறேன்' என்றும் முதல் தட்டுக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சேதிக்காக முதல் தட்டு 31 நொடிகள்வரை பொறுத்திருக்கலாம் என்பது விதி. வெவ்வேறு நிறுவனத் தட்டுகள் இந்தச் சைகைகளை வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. தனித்தனியே நன்றாக ஓடிய இரண்டு தட்டுகளைச் சேர்த்து மாட்டினால் இரண்டும் மறையும். சில தட்டுகளில் 'தனியன்' என்றும் 'அடிமையுடைய ஆண்டான்' என்றும் இரண்டு அமைப்புகள் இருந்தன. அடிமையை எடுத்துவிட்டு ஜம்பரை மாற்ற மறந்தால் ஆண்டான் வராத ஆளுக்காகக் காத்திருந்து தானும் காணாமல் போகும்.

2003 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம், கருவிகளின்மேல் இந்தப் பெயர்களைத் தவிர்க்குமாறு தனக்குப் பொருள் வழங்குவோரைக் கேட்டுக்கொண்டது. அன்று உலகம் முழுவதும் அதைக் கேலி செய்தார்கள். ஆனால் தரநிர்ணய ஆவணங்கள் 'கருவி 0', 'கருவி 1' என்ற பெயர்களை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன. நுட்பத்தின்படியும் அவையே சரி. மாவட்ட நிர்வாகம் அறத்தால் சொன்னதைப் பொறியாளர்கள் துல்லியத்துக்காக முன்பே செய்திருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

2003 வாக்கில் சாட்டா வகைத் தட்டுகள் கடைகளுக்கு வந்தபோது இந்தக் கூட்டுக்குடித்தனம் முடிந்தது. ஒரு தட்டுக்கு ஒரு கம்பி. அதில் ஏழே தொடுமுனைகள். ஆனால் தொடுமுனையின் கதை அங்கே தொடங்கியது. பெட்டிக்குள் மாட்டும் சாட்டா இணைப்பியை ஐம்பது முறை செருகி எடுப்பதற்கு என்றே வகுத்தார்கள். தொடக்கக் காலக் கம்பிகளில் பிடித்துக்கொள்ளும் கொக்கி கிடையாது; விசிறியின் அதிர்விலேயே அரை மில்லிமீட்டர் நழுவும். கொக்கி பின்னால் வந்தது. தொட்டும் தொடாமலும் இருக்கும் முனை முழுதாக அறுந்த முனையைவிடக் கொடியது. அறுந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். இதுவோ பழுதுபார்ப்பவர் பெட்டியைத் திறந்து கை வைத்ததுமே சரியாகிவிடும். அவர் தெருமுனை தாண்டியதும் பழையபடி ஆகும்.

இதற்கு ஒரு தடயம் உண்டு. ஸ்மார்ட் என்ற பெயரில் வன்தட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. இலவச மென்பொருள்களாலேயே அதைப் படிக்கலாம். அதில் 199ஆம் எண், கம்பிவழி சென்ற தரவு எத்தனை முறை சிதைந்தது என்ற கணக்கு. அது ஏறிக்கொண்டே போனால் முதலில் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். 5, 197 ஆகிய எண்கள் ஏறினால் தட்டின் பரப்பே பழுதாகிறது என்று பொருள். அப்போது இருப்பதை உடனே படியெடுப்பது ஒன்றே வேலை. எங்கள் இளைஞர் இந்தக் குறிப்பேட்டைத் திறக்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு ஒரு கணினிக்கு அரைமணி நேரம். தட்டை மாற்றினால் வேலை முடிந்தது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றரை அங்குலத் தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சுழன்று நிலைபெற்ற பிறகு அதில் சிறு பங்கே போதும். ஆகவே நலிந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தன் நலிவைக் காட்டும் நேரம் தொடக்க நேரம்தான். 1999 முதல் 2007 வரை, மின்பகுபொருளின் கலவை பிழைபட்ட கெபாசிட்டர்கள் உலகெங்கும் தாய்ப்பலகைகளிலும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளிலும் புகுந்து, உப்பி வெடித்தன. இறக்கும் நிலையிலுள்ள கெபாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது மோசமாகவும் சூடேறியபின் ஓரளவு நன்றாகவும் இயங்கும். காலையில் வராத தட்டு பத்து மணிக்கு வருவதற்கு இது இன்னொரு காரணம். எத்தனை நல்ல தட்டுகள் இந்தக் காலத்தில் 'போயிடுச்சு' என்று தூக்கி எறியப்பட்டனவோ!

இதுவரை சொன்னவற்றில் தட்டு குற்றமற்றது. குற்றம் தட்டின் உள்ளேயே இருந்ததற்கும் புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 2009 ஜனவரியில் சீகேட் தன் பாரகுடா 7200.11 வரிசைத் தட்டுகளில் ஒரு பிழை இருப்பதாக ஒப்புக்கொண்டது. அந்தத் தட்டுகள் உள்ளே ஒரு நிகழ்வுக் குறிப்பேட்டை எழுதிவந்தன. அதன் வரிசை 320 என்ற எண்ணில், அல்லது அதற்குமேல் 256இன் மடங்குகளில் நின்றிருக்கும்போது மின்சாரம் அணைந்து திரும்பினால், வேறு சில நிபந்தனைகளும் பொருந்திய தட்டுகள் தொடங்கும்போதே தடுமாறி, தம்மைத் தாமே பூட்டிக்கொண்டன. மோட்டார் சுழலும், ஓசை கேட்கும், பயாஸ் கேட்டால் விடை வராது. உள்ளே ஓர் எழுத்துகூட அழிந்திருக்காது. நேற்றுவரை பழுதில்லை, இன்று இல்லை, காரணம் ஒரு எண்! நிறுவனம் திருத்திய ஃபர்ம்வேரை அவசரமாக வெளியிட்டது. முதலில் வந்த திருத்தம் 500 கிகாபைட்டுத் தட்டுகள் சிலவற்றை நன்றாக இருந்த நிலையிலிருந்து வாய்பேசாதவையாக்கியது. அதைத் திரும்பப் பெற்று மறுபடி திருத்தினார்கள்.

ஆர்வலர்கள் செய்தது அதைவிடச் சுவையானது. தொழிற்சாலைச் சோதனைக்காகத் தட்டின் பின்புறம் விடப்பட்டிருந்த சில முனைகளில் பழைய கைப்பேசிக் கம்பியின் மின்சுற்றை இணைத்து, பலகைக்கும் முனைகளுக்கும் இடையே ஓர் அட்டைத் துண்டைச் செருகிவைத்து, தட்டோடு நேரடியாகப் பேசினார்கள். குறிப்பேட்டைத் துடைத்ததும் தட்டு விழித்தது. அதிகாரப்பூர்வ வாயில் அடைபட்டபோது கொல்லைப்புறக் கதவு திறந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழக்கில் குற்றவாளி கேள்வி கேட்ட பக்கத்தில் இருந்தார். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனம், அம்மாதமே சந்தைக்கு வந்திருந்த தன் 6 வரிசைச் சிப்செட்டில் வடிவமைப்புப் பிழை இருப்பதாக அறிவித்தது. ஆறு சாட்டா வாயில்களில் நான்கு, காலப்போக்கில் மெல்ல நலியக்கூடியவை. காரணம் ஒரே ஒரு டிரான்சிஸ்டர்: அதன் ஆக்சைடு படலம் அதற்குத் தரப்பட்ட மின்னழுத்தத்தைத் தாங்கும் தடிப்பில் இல்லை, மின்னோட்டம் கசிந்தது. முதல் இரண்டு வாயில்களுக்குப் பாதிப்பில்லை. பழுதுபார்க்கவும் மாற்றித்தரவும் 70 கோடி டாலர், விற்பனை இழப்பு 30 கோடி டாலர் என்று நிறுவனமே மதிப்பிட்டது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எங்கெங்கோ உள்ள வீடுகளில் தட்டுகள் வந்தும் வராமலும் இருந்திருக்கும். யாரும் சிப்செட்டைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். தட்டுகளைத்தான் குப்பையில் போட்டிருப்பார்கள்.

என் கணினிக்கு வருகிறேன். 2012இல் தமிழகத்தின் சிற்றூர்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். ஒரு நாளில் ஐந்தாறு முறை கணினியை அணைத்துப் போட வேண்டியிருந்தது. என் தட்டின் கண்ணாமூச்சி அதனால்தான் அடிக்கடி நேர்ந்தது போலும். புதுத்தட்டை வாங்கிக்கொண்டேன், பழையதை மட்டும் கொடுக்கவில்லை. அது வராத ஒரு காலையில் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன்: சுழலும் ஓசை இல்லை. வரும் நாளில் ஓசை உண்டு. தரவுக் கம்பியை மாற்றியும் வாயிலை மாற்றியும் பயனில்லை. வந்த ஒரு நாளில் 199ஆம் எண்ணைப் பார்த்தேன், பூச்சியம். 5, 197 ஆகியவையும் பூச்சியம். மிஞ்சியது மின்கம்பி.

அந்த இரண்டாம் தட்டுக்கு மின்சாரம் நேராக வரவில்லை. பழைய நான்குமுனை இணைப்பியைச் சாட்டாவாக மாற்றும் சிறு துண்டு ஒன்றின் வழியாக வந்தது. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, மஞ்சள் கம்பியின் பித்தளைக் குழல் வாய் விரிந்து, உள்ளே பின்வாங்கியிருந்தது. மஞ்சள் என்றால் 12 வோல்ட், மோட்டாருக்கு உரியது. சிவப்புக் கம்பியின் 5 வோல்ட் ஒழுங்காக வந்ததால் தட்டின் மின்பலகைக்கு உயிர் இருந்தது, சுழலத்தான் தெம்பில்லை. கம்பி எந்த வாட்டத்தில் கிடந்தது என்பதைப் பொறுத்து ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரவில்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேரே வரும் வேறொரு கம்பியில் மாட்டினேன். வந்தது. ஆராய்ச்சியை அத்தோடு நிறுத்தி, முதலில் ஐம்பது கிகாபைட்டையும் புதுத்தட்டுக்குப் படியெடுத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு குறுந்தட்டுகளில் ஒரு படி, நண்பர் வீட்டில் ஒரு படி.

படியெடுத்தது சரிதானா என்று பார்க்க, கைக்கு வந்த ஒரு கோப்பை ஓடவிட்டேன். 2003இல் பதிந்தது. பாட்டு தொடங்கும் முன் மாடு கத்துகிறது, யாரோ பாத்திரம் நகர்த்துகிறார்கள், பாட வந்த ஆத்தா என்னைக் கேட்கிறார்: "தம்பி, இது ஓடுதா?" ஓடுகிறது என்று என் குரல் சொல்கிறது.